செங்கல்நத்தம் எந்தப் பக்கம்

அப்பா துண்டைப் போட்டுடுச்சு. பங்காருப்பேட்டையில நிக்குற ஜோலார்பேட்டை பாசஞ்சர், பெட்டியே காலி, மல்லாட்டைக் கடலை மூட்டை ரெண்டும் அதுக்குப் பக்கத்துல வாயைத் திறந்துட்டுத் தூங்குற ஒரு ஆளும்தான், அதுக்குப் போய் பிளாட்பாரத்துல இருந்தே சன்னல் கம்பிக்குள்ள கையை விட்டுத் துண்டை வீசி ரெண்டு சீட்டு பிடிக்குது. உன் சீட்டுக்கு யாருப்பா சண்டைக்கு வரப்போறாங்கன்னு சிரிச்சேன். கை தானா போவுது ஜான்சி, நான் என்ன பண்ணட்டும்னுச்சு. கை தானா போகும்தான். நான் பொறக்கறதுக்கு முந்தியில இருந்து தினம் விடியறதுக்குள்ள மாரிக்குப்பத்துல ஏறி, பெங்களூர் போய், ஒயிட்ஃபீல்டுல ஏதோ ஒரு அடுக்குமாடியில பம்பும் ஜெனரேட்டரும் பார்த்துட்டு, ராத்திரி நாங்க சாப்பிட்டுப் படுத்தப்புறம் வந்து சேர்ற கை அது. எங்க கோலார் தங்கவயல்ல பாதி ஊரு அந்த வண்டியிலதான் குடியிருக்குது. துண்டு விழுந்த சீட்டை யாரும் தொட மாட்டாங்க, அது அங்க சட்டம், போலீஸ்காரன் வந்தாலும் துண்டுக்காரன் யாருன்னு கேட்டுட்டுத்தான் உட்காருவான். காலையில மாரிக்குப்பம் வண்டியில வந்தோமே, அப்பாவோட கூட்டாளிங்க எல்லாம் அதே பெட்டியில, நாங்க பங்காருப்பேட்டையில இறங்கினதும் ஒருத்தர் சன்னல் வழியா தலையை நீட்டி, என்ன ஏசுபாதம், இன்னிக்கு வண்டி எதிர்ப்பக்கம் போவுதுன்னு கத்தினாரு. அப்பா பதிலுக்குக் கத்துச்சு, சொந்த ஊருக்குப் போறேன்டா, பொண்ணு படிப்பு விஷயமான்னு. சொல்றப்போ நெஞ்சு ஒரு விரக்கடை முன்னாடி வந்துது, நான் பார்த்தேன்.

சொந்த ஊரு. செங்கல்நத்தம், வடஆற்காடு ஜில்லா. சுரங்கக்காரங்க குடியிருக்குற எங்க லைன் வீடுங்கள்ல யாரைக் கேட்டாலும் இப்படி ஒரு ஊரு சொல்லுவாங்க. எதிர்வீட்டு ஸ்டெல்லா அக்கா ஆம்பூர் பக்கம், அடுத்த வீட்டு கஜபதி மாமா செய்யாறு பக்கம், ஒருத்தரும் போய்ப் பார்த்தது கிடையாது, ஆனா கேட்ட உடனே வாயில வந்துடும். பாட்டனுக்குப் பாட்டன் சுரங்கத்துக்கு வந்தவரு, வர்றப்போ கையில கொண்டாந்த ஊர்ப்பேரு, அதை அப்படியே கைமாத்திக் கைமாத்தி வெச்சிருக்கோம். தமிழ்நாட்டுல நான் விண்ணப்பம் போட்ட பல்கலைக்கழகத்துக்கு அப்பா போன் போட்டப்பவும் அதேதான். ஜியாலஜிக்கு என் பேரு வந்துடுச்சுன்னு தெரிஞ்ச அன்னிக்கு, கட்டணம் எவ்வளவு மேடம்னு கேட்டுச்சு. அந்தம்மா நல்ல பொறுமைசாலி. தமிழ்நாட்டுப் பிள்ளைன்னா சலுகைக் கட்டணம், ஹாஸ்டலுக்கு உதவித்தொகை வரும், வெளிமாநிலம்னா முழுசாக் கட்டணும், உதவித்தொகை கிடையாது, நீங்க எந்த ஊரு சார்னு கேட்டாங்க. அப்பா ஒரு நொடி யோசிக்கலையே! நாங்க வடஆற்காடு ஜில்லாங்கன்னு போட்டுச்சு ஒரு போடு. அந்தப் பேருல இப்ப ஜில்லாவே இல்லையே சார்னு அந்தம்மா சிரிச்சது ஸ்பீக்கர்ல கேட்டுது. பூர்வீகம் இங்கதான்னா சான்றிதழ் வாங்கிட்டு வாங்க, பார்க்கலாம்னாங்க. பார்க்கலாம். அந்த ஒரு வார்த்தையைப் பிடிச்சுக்கிட்டுத்தான் இப்போ வண்டியில உட்கார்ந்திருக்கோம். ஜோலார்பேட்டையில வண்டி மாறி வாணியம்பாடியில இறங்கி யாரைக் கேட்டாலும் வழி சொல்லிடுவாங்க, ஊர்ல போய் வி.ஏ.ஓ.வைப் பார்த்தா எழுதிக் குடுத்துடுவாருன்னு அப்பா. எனக்கு நம்பிக்கை இல்ல. வேலூர் மாவட்டம், திருப்பத்தூர் மாவட்டம் ரெண்டையும் மேப்புல இன்ச் இன்ச்சாத் தேடிட்டேன், செங்கல்நத்தம் இல்லவே இல்ல. சின்ன ஊரா இருக்கும், மேப்புக்காரனுக்குத் தெரிஞ்சிருக்காதுன்னு அதுக்கும் அப்பாகிட்ட பதில் இருந்துது.

வண்டி நகர்ந்துடுச்சு. ஒரே வண்டியில மூணு மாநிலம் போகுமாம் இது, கர்நாடகா, நடுவுல ஆந்திரா கொஞ்சம், அப்புறம் தமிழ்நாடு. எந்த இடத்துல மாறுதுன்னு பார்த்தே ஆகணும்னு சன்னலோரம் ஒட்டிக்கிட்டேன். கோடு ஏதாவது போட்டிருப்பாங்களா, கல்லு நட்டிருப்பாங்களா, இல்ல மண்ணு நிறம் மாறுமா? மண்ணு நிறம் மாறும், ஆனா அது வேற காரணத்துக்கு. தங்கவயல் கல்லு கறுப்பு, அது ஒரு பட்டையாத்தான் ஓடுது, ரெண்டு பக்கமும் இந்தச் சாம்பல் வெள்ளைப் பாறைங்க, குந்திக்கிட்டு இருக்குதே, இதோ, இதுதான். பள்ளிக்கூடத்துல ஒரு மிஸ் சொன்னாங்க, இந்தப் பாறைக்கெல்லாம் வயசு கோடிக்கணக்குல வருஷம்னு. அன்னிக்கு சாயங்காலம், சுரங்கத்துக் கழிவு மண்ணைக் கொட்டி வெச்ச சயனைடு மேட்டு மேல ஏறி உட்கார்ந்து ரொம்ப நேரம் யோசிச்சேன், அம்மா தேடிக்கிட்டு வந்து முதுகுல ஒண்ணு வெச்சது இன்னும் ஞாபகம் இருக்கு. மழை பேஞ்சா அந்த மேட்டுல வாய்க்கா வாய்க்காவா அறுக்கும், உள்ள வெள்ளை, மஞ்சள், சாம்பல்னு அடுக்கு அடுக்கா தெரியும். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் எனக்கு இந்தப் பைத்தியம் பிடிச்சுது. அங்க தங்கம் தீர்ந்து போய் சுரங்கத்தை மூடலையாம். இன்னும் இருக்குதாம் உள்ள. எடுக்குற செலவு கட்டுப்படியாகலன்னு மூடிட்டாங்களாம். இருக்கு, ஆனா கட்டுப்படியாகல. இந்த ஒரு மாசமா எங்க வீட்ல பேசறதும் இதேதான். அம்மா கழுத்துச் சங்கிலியைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்குது. தங்கவயல்ல வாழ்க்கைப்பட்டு எனக்கு இருக்குறது இது ஒண்ணுதான், போனாப் போவுதுன்னு சொல்லும், சொல்லிட்டு மறுபடியும் தொட்டுப் பார்க்கும். பெங்களூர் அரசாங்கக் காலேஜிலயும் எனக்கு ஜியாலஜி கிடைச்சிருக்கு, அங்க நான் உள்ளூர்ப் பிள்ளை, கட்டணம் ஒண்ணும் பெருசா இல்ல, ஸ்காலர்ஷிப்பும் வரும். ஆனா ஹாஸ்டல் இல்ல. அப்போ தினம் ரயில். அப்பாவுக்கு அதைக் கேட்டாலே முகம் மாறிடும். நான் ஏறுனது போதும், என் பொண்ணு அந்த வண்டியில ஏறக் கூடாது, தொங்கிட்டுப் போயி, தூங்கி வழிஞ்சு, மனுஷன் வாழற வாழ்க்கையா அதுன்னு ஒரே பிடி. எனக்கும் அந்தப் பல்கலைக்கழகம்தான் வேணும், பொய் சொல்லக் கூடாது. அங்க கல்லுங்களுக்குன்னே ஒரு மியூசியம் இருக்கு, வருஷா வருஷம் மலைக்குக் கூட்டிட்டுப் போவாங்க, ஆளுக்கு ஒரு சுத்தியல் குடுப்பாங்க. அந்தச் சுத்தியல் கனவுல வருது எனக்கு.

அப்பா தூங்கிடுச்சு. ரயில்ல உட்கார்ந்தா கண்ணு தானா மூடிக்கும்போல, கை தானா போற மாதிரி. எதிர்ல உட்கார்ந்து பார்த்துக்கிட்டே இருக்கேன். காதுக்குக் கீழ ஒரு மச்சம். இதை நான் பார்த்ததே இல்லையே! புருவத்துல நரைமுடி நீட்டிக்கிட்டு இருக்கு. கட்டைவிரல் நகம் ஒண்ணு கறுத்துப் போயிருக்கு, எப்போ அடிபட்டுது, யாருகிட்ட சொல்லுச்சு? உதடு அசையுது, தூக்கத்துல என்னவோ முணுமுணுக்குது, குனிஞ்சு கேட்டேன், டேகல், மாலூர், தேவனகொந்தி, அய்யோ ஸ்டேஷன் பேரு, பெங்களூர் போற வழியில வர்ற ஸ்டேஷன் பேரை வரிசையா சொல்லுது, இந்த வண்டி எதிர்ப்பக்கம் போவுதுன்னு உள்ள இருக்குற ஆளுக்கு யாரும் சொல்லல. சிரிப்பு வந்துது. யோசிச்சுப் பார்த்தா அப்பாவை நான் வெளிச்சத்துல பார்த்ததெல்லாம் ஞாயித்துக்கிழமைதான். சர்ச்சு, அப்புறம் கறிக்கொழம்பு, அப்புறம் ஒரு தூக்கம், அவ்வளவுதான் என் அப்பா. மத்த நாள்ல அது செருப்புச் சத்தம், குண்டான்ல தண்ணி மொள்ற சத்தம். சின்ன வயசுல அந்தச் சத்தம் கேட்டா கண்ணை இறுக்கி மூடிக்குவேன், போர்வையைச் சரிபண்ணி விட்டுட்டுப் போகும்னு தெரியும், முழிச்சிருந்தா பண்ணாது. ஒரு பாறையைப் பத்தி இவ்வளவு தெரிஞ்சு வெச்சிருக்கேன், எதிர்ல இருக்குற ஆளைப் பத்தி எனக்கு என்ன தெரியும்? வண்டியில கூட்டாளிங்ககிட்ட என்ன பேசும்? சீட்டு ஆடுமா? ஜெயிக்குமா? அதுக்கு ஆசைன்னு ஏதாவது இருந்துதா, பம்பும் ஜெனரேட்டரும் தவிர?

காமசமுத்திரத்துல ஒரு அக்கா ஏறினாங்க, இடுப்புல ஒரு குழந்தை, கையில ஒரு பை, பையில இருந்து ஒரு சேவல் தலையை நீட்டிக்கிட்டு. குழந்தை என் துப்பட்டாவைப் பிடிச்சு வாயில வெச்சுக்கிட்டுது. அப்பா முழிச்சுக்கிச்சு. அந்த அக்கா பேரு மஞ்சுளா, காமசமுத்திரத்துல கட்டிக் குடுத்திருக்காங்களாம், குழந்தைக்குக் காது குத்த அம்மா வீட்டுக்குப் போறாங்களாம், மூணு ஸ்டேஷன் போறதுக்குள்ள இவ்வளவும் சொல்லிட்டாங்க. தமிழ்தான் பேசினாங்க, நடுநடுவுல தெலுங்கு வந்து விழுந்துது. ஸ்டேஷன் போர்டுல எழுத்து மாறியிருந்ததை நான் அப்பத்தான் கவனிச்சேன். போச்சு! மாநிலம் மாறுனதைக் குழந்தையைக் கொஞ்சிக்கிட்டுக் கோட்டை விட்டுட்டேன். கோடும் இல்ல கல்லும் இல்ல, வெளியில அதே பாறை, அதே புளியமரம். "நீங்க எந்த ஊருண்ணா?" அந்த அக்கா சும்மாதான் கேட்டாங்க. அப்பாவும் சும்மாதான் சொல்லுச்சு, எப்பவும் சொல்ற மாதிரி, "செங்கல்நத்தம்மா." அவங்க குழந்தையை இந்தத் தோள்ல இருந்து அந்தத் தோளுக்கு மாத்தினாங்க. "எந்தச் செங்கல்நத்தம்? நான் அங்கதானே போறேன். எங்கம்மா வீடு அங்கதான். உங்களை நான் பார்த்ததே இல்லையே, யாரு வீடு நீங்க?"

அப்பா சிரிச்சுச்சு. "அது வேறயா இருக்கும்மா. எங்களது வடஆற்காடு ஜில்லா, தமிழ்நாடு. ஊரு நடுவுல ஒரு பெரிய பாறை இருக்கும், யானை படுத்த மாதிரி. பாறை மேல ஒரு சுனை. கோடையிலகூட வத்தாதுன்னு எங்க தாத்தா சொல்லும்." மஞ்சுளா அக்கா, "ஆமாண்ணா, அதேதான், சுனைக்குப் போறதுக்குப் படி மாதிரி வெட்டியிருப்பாங்க, பசங்க அதுல சறுக்கி விளையாடி டவுசரைக் கிழிச்சுக்குவாங்க"ன்னாங்க. அப்பா சிரிப்பு அப்படியே நின்னுடுச்சு. படி வெட்டுன கதை எனக்கே தெரியும், தாத்தாவோட தாத்தா அதுல விழுந்துதான் நெத்தியில தழும்பு, அந்தத் தழும்போடதான் சுரங்கத்துக்கு வந்தாருன்னு எங்க வீட்ல சொல்லுவாங்க. நான் போனை எடுத்தேன். அடுத்து வர்ற குப்பம்தான் அக்கா இறங்குற ஸ்டேஷன். குப்பத்துல இருந்து கொஞ்சம் தள்ளித் தேடினேன். இருந்துது. செங்கல்நத்தம். சின்னதா, சாம்பல் எழுத்துல, இவ்வளவு நாளும் அங்கயேதான் இருந்திருக்கு. ஆந்திராவுல. ஒரு காலத்துல இதெல்லாமே வடஆற்காடுதான்போல, அப்புறம் எப்பவோ யாரோ பிரிச்சிருப்பாங்க, பிரிச்சவங்க சுரங்கத்துக்குள்ள இருந்த எங்க தாத்தாவுக்குச் சொல்லணும்னு நினைக்கல. அப்போ நாங்க கர்நாடகாவுல இருக்கோம், தமிழ் பேசறோம், சொந்த ஊரு ஆந்திராவுல. எந்தப் பக்கம் போய் நின்னாலும் வெளிமாநிலம்! எனக்குச் சிரிப்பு பொத்துக்கிட்டு வந்துது, அடக்க முடியல, குழந்தையும் என்னைப் பார்த்துச் சிரிக்குது, அப்பா முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கிட்டேன். துண்டை மடியில வெச்சு மடிச்சுக்கிட்டே இருந்துது, மடிச்சதையே பிரிச்சுப் பிரிச்சு மடிச்சுது.

குப்பத்துல இறங்கிட்டோம். மேல போய் என்ன பண்றது? மஞ்சுளா அக்கா பையை நான்தான் தூக்கிக் குடுத்தேன், சேவல் என் கையைக் கொத்திடுச்சு. "வாங்களேண்ணா, ஆட்டோவுல கொஞ்ச தூரம்தான், சொந்த ஊருக்கு இவ்வளவு கிட்ட வந்துட்டுப் பார்க்காம போவாங்களா, காதுகுத்துக் கறிச்சோறு சாப்பிட்டுப் போங்க"ன்னாங்க. எனக்குப் போகணும்னு கால் பரபரன்னுது. பாறையைப் பார்க்கணும், சுனையில தண்ணி எப்படி நிக்குது, அடியில வெடிப்பு இருக்கான்னு பார்க்கணும். அப்பா, "இன்னொரு நாளைக்கும்மா"ன்னுச்சு. அவங்க குழந்தையோட கையைப் பிடிச்சு டாட்டா காட்ட வெச்சுட்டுப் போனாங்க. நாங்க பெஞ்சுல உட்கார்ந்தோம். அப்பா துண்டைத் தோள்ல போட்டுக்கிட்டு, "பரவாயில்ல ஜான்சி. வெளிமாநிலம்னே சேர்ந்துடு. முழுசாவே கட்டிடலாம்"னுச்சு. எப்படிப்பான்னேன். "அம்மா சங்கிலியை வெச்சு இப்போதைக்கு. அப்புறம் மேனேஜர் கேட்டுக்கிட்டே இருக்காரு, ஞாயித்துக்கிழமை டூட்டிக்கு ஆளு இல்லன்னு. அதையும் நானே பார்த்துடறேன். நீ படிச்சு முடிக்குற வரைக்கும்தானே." ரொம்ப லேசா சொல்லுச்சு, கடையில சில்லறை மாத்துற மாதிரி. ஞாயித்துக்கிழமையையும் குடுத்துடறேன்னு சொல்லுது! வெளிச்சத்துல பார்க்குற ஒரே ஒரு நாளு, அதையும். அப்போ நான் லீவுக்கு வந்தாலும் செருப்புச் சத்தம்தான், போர்வைதான். அந்த மச்சத்தை இனிமே எப்போ பார்க்குறது? சுத்தியல் வேணும், மியூசியம் வேணும், மலை வேணும், அதுல ஒரு மாத்தமும் இல்ல, வயித்துக்குள்ள வேணும் வேணும்னு அது பாட்டுக்குக் கத்துது. ஆனா இந்த விலைக்கா? எனக்குக் கோவம் வந்துது, யாரு மேலன்னு தெரியல, கோடு போட்டவன் மேலயா, செங்கல்நத்தத்து மேலயா, ஞாயித்துக்கிழமையைத் தூக்கிக் குடுக்குற இந்த ஆளு மேலயா. பெங்களூர் காலேஜிலயும் கல்லு இருக்கும். சுத்தியலும் இருக்கும், எங்கயோ பீரோவுக்குள்ள. தினம் போக ரெண்டு மணி நேரம், வர ரெண்டு மணி நேரம், தொங்கிட்டு, தூங்கி வழிஞ்சு. அதே பெட்டி. அதே பெட்டியில எதிர்ல அப்பா. போக ரெண்டு, வர ரெண்டு. அட, இதை ஏன் நான் இவ்வளவு நாளா செலவுப் பக்கமே எழுதிட்டு இருந்தேன்?

டீ விக்கறவர் வந்தாரு, ரெண்டு டீ ஊத்திக்கிட்டே தெலுங்குல ஏ ஊருன்னு கேட்டாரு. அப்பா வாயைத் திறந்துச்சு. செங்கல்நத்தம்னு சொல்லப்போவுது, இன்னிக்குத்தான் அது இங்க நிஜமாவே செல்லுபடியாகும், பக்கத்துல இருக்குற ஊருதானே, சொன்னா அவரு சந்தோஷப்படுவாரு. அப்பா சொல்லல. டீயை வாங்கி ஒரு வாய் குடிச்சுது. "தங்கவயலு. மாரிக்குப்பம்"னுச்சு. அந்தப் பேரை ஊருன்னு அது சொல்லி நான் கேட்டதே இல்ல. டீக்காரரு தலையாட்டிட்டுப் போயிட்டாரு, அவருக்கு என்ன. பங்காருப்பேட்டை போற வண்டி அறிவிச்சாங்க. "போலாமா"ன்னுச்சு அப்பா. பாறையைப் பார்க்கலையான்னு கேட்டேன். "நீ படிச்சுட்டு வந்து பாரு"ன்னுச்சு. சரிதான், அது இத்தனை கோடி வருஷம் இருந்துடுச்சு, எனக்காக இன்னும் நாலு வருஷம் இருக்காதா. வண்டி வந்துடுச்சு, இது காலி வண்டி இல்ல, வாசல்லயே ஆளுங்க நிக்கறாங்க, அப்பா பழக்கத்துல தோள்ல இருக்குற துண்டுக்குக் கையைக் கொண்டு போச்சு. நான் முந்திக்கிட்டேன். துண்டை உருவிக்கிட்டு ஓடினேன், ஏ ஏ எங்கடி போறன்னு பின்னாடியே வருது, ஒரு சன்னல்ல ரெண்டு பேரு இறங்க எழுந்தாங்க, எதிரும் புதிருமா ரெண்டு சீட்டு காலியா தெரிஞ்சுது, கம்பிக்குள்ள கையை விட்டு வீசினேன், ஒண்ணுல விழுந்துது, என் துப்பட்டாவை உருவி இன்னொண்ணுல போட்டேன். அப்பா மூச்சு வாங்கிக்கிட்டு வந்து நின்னு என்னையும் சன்னலையும் மாத்தி மாத்திப் பார்த்துது. "திங்கக்கிழமையில இருந்து நானும் உன் பெட்டிதான்பா, பெங்களூர் காலேஜ்ல சேர்ந்துடறேன். நீ ஞாயித்துக்கிழமை டூட்டிக்குப் போனேன்னு வெச்சுக்கோ, அம்மாகிட்ட சொல்லிடுவேன்"னேன். வேணாம்னு சொல்லும்னு பார்த்தேன். அதுக்குள்ள வண்டி ஊதிடுச்சு, முதுகுல கையை வெச்சு என்னை உள்ள தள்ளுச்சு. ஏறி உட்கார்ந்தோம். அப்பா துப்பட்டாவை எடுத்து மடிச்சு என்கிட்ட குடுத்துது. "துப்பட்டா போடாத, பறந்துடும். துண்டுதான் நிக்கும். உனக்கு ஒண்ணு வாங்கிடலாம்"னுச்சு.